நெடிலுக்கு வாழ்க்கைப்பட்ட எர்வின்

ஒஸ்ட்ராவா பக்கத்து நிலக்கரிக் காலனிகளில் பிறந்தவர்களைச் செக் நாட்டின் மற்றப் பகுதிக்காரர்கள் குட்டை அலகுக்காரர்கள் என்பார்கள். குட்டை அலகுள்ள பறவை போல, மொழியில் இருக்கும் நெடிலையெல்லாம் இவர்கள் குறிலாக்கி விழுங்கிவிடுவதால் வந்த பெயர். நம் பேச்சில் சொன்னால் மாடு மடுவாகும், வீடு விடுவாகும். சுரங்கத்துக்குள் அதிக நேரம் வாயைத் திறந்து வைத்தால் கரித்தூள் உள்ளே போய்விடும், அதனால்தான் என்று சிலர் காரணம் சொல்வார்கள். போலந்து எல்லைப் பக்கம் இருந்து ஒட்டிக்கொண்டது என்பார்கள் படித்தவர்கள். காலனிக்காரர்களையே கேட்டால், "நாங்க சரியாத்தான் பேசறோம், அவனுங்கதான் இழுக்கறானுங்க" என்று முடித்துவிடுவார்கள். இந்தப் பதிலிலும் நெடில் வந்திருக்காது. படிக்கிறவர் வசதிக்காகத்தான் இங்கே போட்டிருக்கிறது.

எர்வின் கலெட்டா இந்தக் காலனி ஒன்றில் சுரங்கத் தொழிலாளி மகனாகப் பிறந்தவன். தன் வாயில் குறை இருக்கிறது என்பதே ராணுவத்துக்குப் போகும்வரை அவனுக்குத் தெரியாது. கட்டாய ராணுவ சேவைக்கு அவனை நாட்டின் மேற்குக் கோடியில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே ரொட்டிக் கடையில் வேலை பார்த்த ஸ்லாவ்கா என்ற பெண் மேல் அவனுக்கு ஆசை வந்தது. ஒருநாள் ரொட்டி வாங்கும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சனிக்கிழமை மாலையில பாக்கலாமா?" என்று கேட்டான். கேட்டதாக அவன் நினைத்தான். அவள் காதில் விழுந்தது, "சனிக்கிழமை மலையில பக்கலமா?"

சனிக்கிழமை எர்வின் ஊர்ச் சதுக்கத்தில் பூங்கொத்தோடு நின்றான். ஸ்லாவ்கா குதிகால் செருப்போடு ஊருக்கு வெளியே இருந்த மலையேறி, அங்கிருந்த பாழடைந்த தேவாலயத்தின் ஓரத்தில் காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றாள். இருட்டின பிறகு இறங்கி வந்தவளுக்குச் சளி பிடித்தது. சளி போவதற்குள் கதை ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. முகாமில் சார்ஜென்ட் அவனைத் தனியே நிறுத்திக் கேட்டார்.

"ஏம்ப்பா, உங்க ஊர்ல ரொம்பக் குளிரா? வாயத் தொறந்து வெச்சா நாக்கு வெறச்சிடுமா?"

"இல்ல, சர்."

"பாரு, 'சார்'னு கூட வர மாட்டேங்குது. ஏற இறங்க மலைதான் உங்களுக்கெல்லாம்."

முகாமே சிரித்தது. வேறொருவன் என்றால் சார்ஜென்ட்டை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பான். எர்வின் நெடிலை வாங்காமல் ஊர் திரும்புவதில்லை என்று சபதம் எடுத்தான். கொதிகலன் அறையில் தனியாக உட்கார்ந்து ஒரு தீக்குச்சியைக் கொளுத்துவான். அது விரலைச் சுடும்வரை 'ஆ' என்று இழுப்பான். அடுத்த குச்சிக்கு 'ஈ'. முகாம் நூலகத்தில் யாரும் தொடாத இலக்கண நூல் ஒன்று கிடைத்தது. அதை மனப்பாடம் செய்தான். வானொலிச் செய்தி வாசிப்பவரோடு கூடவே வாசித்தான். சேவை முடிந்தபோது அவன் விரல் நுனிகள் கறுத்திருந்தன. வாயில் எல்லா நெடிலும் இருந்தன, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மாவிடம், "அன்புள்ள தாயே, நான் நலமாகத் திரும்பி வந்துள்ளேன்" என்றான்.

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "யாருடா செத்தது?" என்று கேட்டாள்.

அவள் மேல் தப்பில்லை. அந்த மாதிரிப் பேச்சு அந்த வீட்டில் கேட்டதெல்லாம், தலைவர் எவராவது இறந்த அன்று வானொலியில்தான்.

அம்மாவுக்குத் தோன்றியது நகர மன்றத்துக்கும் தோன்றியது. அது தோழர்களின் ஆட்சிக் காலம். பாதிரியார் இல்லாமல் பிறப்பும் கல்யாணமும் சாவும் நடக்க வேண்டும் என்று மேலிடத்து விருப்பம். அதற்கெல்லாம் மன்றமே ஒரு பேச்சாளரை வைத்திருந்தது. பழைய பேச்சாளர் குடித்துவிட்டு வந்து, செத்தவர் பெயருக்குப் பதிலாக முன் வரிசையில் உயிரோடு உட்கார்ந்திருந்த அண்ணன் பெயரைச் சொல்லி இரங்கல் வாசித்துவிட்டார். அந்த இடம் எர்வினுக்குக் கிடைத்தது. கறுப்புக் கோட்டு மாட்டியதும் அவன் அவர் ஆகிவிட்டார்.

முதலில் குழந்தைகளை வரவேற்கும் விழாவுக்கு அனுப்பினார்கள். "வருங்காலத்தின் வாயிலில் நிற்கும் இளந்தளிர்களே!" என்று அவர் தொடங்கியதும் எல்லாத் தளிர்களும் ஒரே நேரத்தில் வீறிட்டன. கல்யாணத்துக்கு அனுப்பினால் மாப்பிள்ளையும் பெண்ணும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். சாவுக்கு மட்டும் அவர் பொருந்தினார். பேசப்படுகிறவர் சிரிக்க மாட்டார் என்ற நிம்மதி எர்வினுக்கும் இருந்தது.

கல்யாணம் பேசினதும் இதே தோரணையில்தான். ஹெட்விகா சுரங்கத்தின் விளக்கு அறையில் வேலை பார்த்தாள். இறங்குகிற ஆள் ஒவ்வொருவருக்கும் ஜன்னல் வழியாக விளக்கை எடுத்து நீட்டுகிற வேலை. எர்வின் வரிசையில் நின்று, முறை வந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"ஹெட்விகா அவர்களே, என் வாழ்வின் எஞ்சிய நாட்களைத் தங்களோடு கழிக்க விழைகிறேன். தங்கள் மேலான கருத்தை அறியலாமா?"

"விளக்கு வேணுமா வேண்டாமா? பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்றாள் அவள்.

பின்னால் நின்ற ஆட்களில் அவள் அண்ணன் ருடெக்கும் இருந்தான். "ஏ புள்ள, அது விளக்குக்கு வரல. பொண்ணு கேக்குது" என்று அவன்தான் அர்த்தம் சொன்னான். இரண்டு வாரம் யோசித்து ஹெட்விகா சரி என்றாள். கூட வேலை பார்க்கிறவள் ஏன் என்று கேட்டதற்கு, "குடிச்சாலும் கூச்சல் போட மாட்டான். இலக்கணமாத் திட்டினா எனக்குப் புரியாது, மனசும் நோகாது" என்றாளாம்.

கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் நெடில் குறையவில்லை.

"ஹெட்விகா, சூப்பில் உப்பு சற்றே மிகுந்துள்ளது."

"மிகுந்துள்ளதா? அப்ப வெச்சிட்டுப் போ. ருடெக் வந்து குடிச்சுக்குவான்."

ருடெக் வருவான், குடிப்பான், பியர் கேட்பான். மச்சானைச் சீண்டுவதுதான் அவனுக்குச் சுரங்கத்துக்கு வெளியே இருந்த ஒரே பொழுதுபோக்கு. "மச்சான், நேத்து நீ 'ஆஆஆழ்ந்த இரங்கல்'னு சொல்லி முடிக்கறதுக்குள்ள, கிழவன் பெட்டியிலருந்து எந்திரிச்சு, ஒரு பியர் அடிச்சிட்டு, திரும்பப் போய்ப் படுத்திருக்கலாம்" என்பான். எர்வின் பியரை ஊற்றிக் கொடுப்பார். தன்னைச் சுற்றி இருப்பவர்கள் கொச்சையில் மூழ்கிக் கிடக்கிறார்கள், தன் ஆட்கள் தலைநகரில் இருக்கிறார்கள் என்று அவர் நம்பினார். பிராக்கில் டிராம் ஓட்டுகிறவனும் இலக்கண நூல் போலப் பேசுவான் என்பது அவர் கணக்கு. அங்கே அவர் ஒரு முறைகூடப் போனதில்லை.

அந்த வாய்ப்பும் வந்தது. தலைநகர வானொலியில் சுரங்கத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு நாடகம் தயாரானது. ஒஸ்ட்ராவா வட்டாரத்துக் குரல் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மன்றத்துக்குத் தெரிந்த ஒரே குரல் எர்வின் குரல். கதை சொல்லும் கம்பீரக் குரலுக்குத்தான் அழைப்பு என்று எர்வின் எடுத்துக்கொண்டார். கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டு ரயில் ஏறினார்.

பிராக் நிலையத்தில் சாசேஜ் விற்ற அம்மாள், "வொண்ணா ரெண்டா?" என்று கேட்டாள். யாரோ கிராமத்துக்காரி என்று நினைத்துக்கொண்டார். டிராமில் பயணச்சீட்டுப் பரிசோதகர், "வொழுங்கா நில்லுங்க, வொரு ஓரமா" என்றார். இவனும் வெளியூராக இருக்கும். வானொலி நிலைய வாசல் காவலாளி, "வொங்களுக்கு யாரப் பாக்கணும்?" என்றபோதுதான், ஊரே இப்படித்தான் பேசுகிறதோ என்று எர்வினுக்குச் சந்தேகம் வந்தது.

இயக்குநர் ட்ரெபிட்ஸ்கா ஐம்பது வயதுப் பெண்மணி. விரலிடுக்கில் சிகரெட், தோளில் விலையுயர்ந்த சால்வை. "வாங்க தோழர் கலெட்டா, வொக்காருங்க. வொரு காபி சொல்லவா?" என்றார்.

எர்வின் உட்காரவில்லை. "பொறுத்தருள வேண்டும், தோழர் இயக்குநர். 'உட்காருங்கள்' என்பதே முறையான வடிவம். முன்னே வகரம் சேர்ப்பது பிழை."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் மேசைக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். ட்ரெபிட்ஸ்கா சிகரெட்டை அணைத்தார்.

"நீங்க நிஜமாவே ஒஸ்ட்ராவாவா? தப்பான ஆள அனுப்பிட்டாங்களா?"

"பிறப்பால் ஒஸ்ட்ராவா. மொழியால் தலைநகரத்தவன்."

"தலைநகரத்துல யாருங்க இப்பிடிப் பேசறா? நான் இங்கதான் பொறந்தேன். எங்க அம்மா, அவங்க அம்மா, வொருத்தரும் இப்பிடிப் பேசினதில்ல. பட்டணமெல்லாம் ஜெர்மன் பேசிட்டுத் திரிஞ்ச காலத்துல, பண்டிதருங்க வொக்காந்து இருநூறு வருஷத்துப் பழைய பைபிளத் தோண்டி எடுத்து, தூசி தட்டி, இதுதான் நம்ம மொழின்னு நிக்க வெச்சாங்க. எழுதறதுக்கு நல்லாருக்கும். வீட்டுல யாராவது சட்டைக்கு மேல கல்லறைத் துணியப் போத்திக்குவாங்களா?"

எர்வின் உட்கார்ந்துவிட்டார். யார் எந்த வடிவத்தில் சொன்னாலும் அப்போது உட்கார்ந்திருப்பார்.

"சரி, அத விடுங்க. வொங்க ஊர்ல சுரங்கத்துக்குள்ள எப்பிடிப் பேசுவாங்களோ அப்பிடி வொரு வரி சொல்லுங்க. 'மச்சான், விளக்கத் தூக்கிப் பிடி. கூரை கீழ வருது.' அவ்வளவுதான்."

எர்வின் வாயைத் திறந்தார். கொதிகலன் அறையில் சுட்ட விரல்களெல்லாம் ஒருசேர ஞாபகம் வந்தன. "மச்சன்..." என்றார். நிறுத்தினார். "மச்சான்... விளக்கைத் துக்கி..." மறுபடி நிறுத்தினார். வெட்ட வேண்டிய இடத்தில் இழுத்தார், சும்மா விட வேண்டிய இடத்தில் வெட்டினார். அவர் முடிப்பதற்குள் உண்மையான கூரையாக இருந்தால் எல்லாரும் புதைந்திருப்பார்கள்.

"நம்பற மாதிரி இல்லையே" என்றார் ட்ரெபிட்ஸ்கா. பக்கத்து அறையிலிருந்து ராலிஷ் என்ற நடிகரைக் கூப்பிட்டார். ராலிஷ் பிராக்கிலேயே பிறந்து பிராக்கிலேயே பருத்தவர். ஒஸ்ட்ராவாவை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். தொண்டையைச் செருமி, கண்ணை உருட்டி, ஒவ்வொரு சொல்லையும் சுத்தியல் அடி போலப் போட்டு, கடைசியில் ஒரு கெட்ட வார்த்தையும் ஒரு துப்பலும் சேர்த்தார். ட்ரெபிட்ஸ்கா கை தட்டினார். "அப்பா! மண் வாசனை!"

எர்வினை வெறுங்கையோடு அனுப்ப அந்த அம்மாளுக்கு மனசு வரவில்லை. "தோழர், வொங்களுக்கு இருமத் தெரியுமா? பின்னணியில வொரு கிழட்டுத் தொழிலாளி இருமணும்."

எர்வின் இருமினார். முதல் தடவையே சரியாக வந்தது.

நாடகம் ஒலிபரப்பான அன்று காலனியின் பியர்க் கடையில் எல்லாரும் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ராலிஷ் பேசப் பேச, அது எந்த ஊர்ப் பேச்சு என்று ஒருவரை ஒருவர் விசாரித்தார்கள். இருமல் வந்தபோது கடையே எழுந்து கோப்பையைத் தூக்கியது. ருடெக் எர்வினின் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"மச்சான், சத்தியமாச் சொல்றேன். அந்த நாடகத்துலயே நம்ம ஊர் ஆளு நீ ஒருத்தன்தான். இருமலுக்கு ஏது குறிலு நெடிலு!"

எர்வின் கோபமாக எழுந்து போனார். தலைநகரமே கைவிட்ட மொழியைத் தான் ஒருவராவது காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்குப் பிறகு அவருடைய இரங்கல் உரைகள் இன்னும் நீண்டன. தகன மண்டபத்தில் அடுத்த பெட்டி வாசலில் காத்துக்கிடந்தது.

சில வருஷம் கழித்து ஹெட்விகாவின் அப்பா இறந்தார். நுரையீரல் நிறையக் கரியோடு ஓய்வு பெற்று, ஆடு வளர்த்து, ஆட்டுப்பாலை அக்கம்பக்கத்துக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். தகனத்துக்கு முந்தின நாள் ருடெக் வந்தான். அன்று அவன் சீண்டவில்லை.

"மச்சான், ஒரே ஒரு தடவ. எங்கப்பாவுக்கு மட்டும் நம்ம பேச்சுல பேசு. அந்தாளு உயிரோட இருந்தவரைக்கும் நீ பேசினதுல பாதி அவருக்குப் புரிஞ்சதில்ல. போகும்போதாவது புரியட்டும்."

ஹெட்விகா எர்வினைப் பார்த்தாள். எர்வின் சரி என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. எர்வின் மேடையேறினார். கறுப்புக் கோட்டு, பூச்சட்டிகள், எதிரே தொப்பியைக் கையில் வைத்த சுரங்கத்து ஆட்கள். பழக்கம் பாதி, வாக்குறுதி பாதி. வாக்கியம் புத்தகத்திலிருந்து வந்தது, உயிரெழுத்து காலனியிலிருந்து வந்தது.

"அன்னர்," என்றார் கணீரென்று, "தம் வழ்நள் முழுவதும் அண்டை அயலருக்கு... அட்டுப் பல் வழங்கினர்."

ருடெக் அதே சொல்லைச் சொல்லியிருந்தால் எல்லார் காதிலும் பால் என்றுதான் விழுந்திருக்கும். எர்வின் வாயிலிருந்து வந்ததால் பல் என்று விழுந்தது. மூன்றாவது வரிசையில் யாரோ, "அவருக்கே கடைசில ஒரு பல்லுகூட இல்லையேய்யா" என்று முணுமுணுத்தார். முதலில் ஒரு மூக்குச் சத்தம். பிறகு ஒரு இருமல். பிறகு தொப்பிகளுக்குப் பின்னால் முகங்கள் மறைந்தன. ஹெட்விகா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ருடெக் மட்டும் பெட்டியைப் பார்த்தபடி, "அப்பா, உங்களுக்கு இது பிடிச்சிருக்கும்" என்றான் சத்தமாக. அத்தோடு அடக்கிவைத்திருந்தவர்களும் விட்டுவிட்டார்கள்.

மன்றத்தில் புகார் போனது. கலாசாரச் செயலர் எர்வினைக் கூப்பிட்டு, சோஷலிச இரங்கல் கூட்டத்தில் கேளிக்கை கூடாது என்றார். பேச்சாளர் பதவி போனது. மன்றத்தின் கொடிகளுக்கும் பூச்சட்டிகளுக்கும் அவரைப் பொறுப்பாளராக்கினார்கள். பூச்சட்டிகளிடம் அவர் இலக்கணமாகவே பேசியதாகச் சொல்வார்கள். வீட்டில் பேச்சையே குறைத்துவிட்டார். உப்பு மிகுந்திருந்தாலும் குடித்துவிட்டு எழுந்தார். ஹெட்விகாவுக்கு இது முதலில் நிம்மதியாக இருந்தது, போகப் போக எரிச்சலாக இருந்தது.

"எதையாவது பேசேன்யா. வகரமோ நகரமோ, என்ன எழவையாவது பேசு" என்பாள்.

பிறகு ஆட்சி மாறியது. தோழர்கள் ஐயாக்கள் ஆனார்கள். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ருடெக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் நுரையீரலும் அப்பாவுடையதைப் போல ஆகியிருந்தது. மூடின சுரங்கம் ஒன்றைக் காட்சிசாலையாக்கினார்கள். பிராக்கில் திடீரென்று குட்டை அலகுப் பேச்சு நாகரிகமாகிவிட்டிருந்தது. குறில் குறிலாக வாசகம் அச்சடித்த பனியனை மாட்டிக்கொண்டு இளவட்டங்கள் ரயில் ரயிலாக ஒஸ்ட்ராவாவுக்கு வந்து இறங்கினார்கள்.

காட்சிசாலை மேலாளர் வழிகாட்டிகளைத் தேடினார். நிஜத் தொழிலாளிகள் நிறையப் பேர் வந்தார்கள். அவர்கள் கூரை இடிந்து செத்தவர்களைப் பற்றியும் சளியில் வந்த கரியைப் பற்றியும் விவரமாகச் சொன்னதில், ஒத்திகைக்கு வந்த பயண முகவர் ஒருவருக்குத் தலைசுற்றியது. மேலாளர் அவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு எர்வினைப் பிடித்தார். பார்க்க லட்சணம், உள்ளூர்ப் பிறப்பு, மேடைப் பழக்கம்.

"ஆனா ஒண்ணு ஐயா. நம்ம பேச்சுலதான் பேசணும். விளம்பரத்துல அப்பிடித்தான் போட்டிருக்கோம்."

அறுபது தாண்டிய எர்வின் சமையலறையில் உட்கார்ந்து தாய்மொழியைப் படிக்க ஆரம்பித்தார். ஹெட்விகா உருளைக்கிழங்கு உரித்தபடி பாடம் எடுத்தாள். அவர் இழுக்கும்போதெல்லாம் கத்தியால் மேசையில் ஒரு தட்டு.

"'வாங்க' இல்ல, 'வங்க'. வெட்டு."

"வங்க."

"இப்ப எதுக்கு மூஞ்சிய இரங்கல் கூட்டம் மாதிரி வெச்சிருக்க? விருந்தாளிய வரச் சொல்றே. திரும்பச் சொல்லு."

அவளுக்கு அந்த வாரங்கள் சந்தோஷமாக இருந்தன. மனுஷன் ஒருவழியாகப் பேசிக்கொண்டிருந்தான், அதுவும் அவளுக்குப் புரிகிற மாதிரி. ஆனால் எர்வின் எதைக் கற்றாலும் அளவுக்கு மிஞ்சித்தான் கற்பார். இரண்டு மாதத்தில் அவர் பேச்சு வெட்டி வெட்டி வெறும் மெய்யெழுத்தாகத் தேய்ந்துவிட்டது. ராலிஷின் கண்ணுருட்டலும் துப்பலும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டன. பார்வையாளர்களுக்கு உயிர் போகிற ஆனந்தம்.

ஒரு சனிக்கிழமை ருடெக் அங்கே வந்தான். முப்பது வருஷம் இறங்கின சுரங்கத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு, பிராக்கிலிருந்து வந்த கூட்டத்தோடு பின்னால் நடந்தான். எர்வின் பளபளக்கும் தலைக்கவசத்தோடு உறுமிக் காட்டினார், துப்பிக் காட்டினார். கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் ருடெக்கிடம் திரும்பினார்.

"நீங்களும் இந்த ஊரா, ஐயா?"

"ஆமாங்க. இதே சுரங்கம்தான். அதோ அந்த வளைவுலதான் ஒரு தடவ மாட்டிக்கிட்டேன்."

கண்ணாடிக்காரர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். பிறகு மனைவியிடம் தணிந்த குரலில், "இவரு பேச்சு வொண்ணும் அவ்வளவு சுத்தமா இல்ல. வெளியூர்ல ரொம்ப நாள் இருந்திருப்பாரு. வழிகாட்டிதான் அசல்" என்றார்.

ருடெக்குக்கு அது கேட்டது. எர்வினுக்கும் கேட்டது. மச்சான்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எர்வின் அடுத்ததாகச் சொல்ல வேண்டியதை மறந்து நின்றார்.

"சொல்லு மச்சான்," என்றான் ருடெக். "அசல் நீதான். சொல்லு."

எர்வின் தொடர்ந்தார். துப்புகிற இடத்தில் மட்டும் துப்பவில்லை.

சுற்றிப் பார்த்து முடிந்ததும் கூட்டம் வழிகாட்டியோடு படம் எடுக்க ஆசைப்பட்டது. அசல் இல்லாதவர் என்பதால் கேமரா ருடெக் கையில் வந்தது. அவன் நிதானமாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நாலு படம் எடுத்துக் கொடுத்தான். பிராக் போய்ப் பார்த்தபோது நாலிலும் எர்வினுக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. கூட்டம் ரயில் ஏறும்போதே மச்சான்கள் பியர்க் கடையில் இரண்டாவது கோப்பைக்கு வந்திருந்தார்கள். அன்றைக்கு ருடெக் ஒருவன்தான் பேசினான். எர்வின் கேட்டுக்கொண்டிருந்தார், காசு கொடுத்ததும் அவர்தான்.